கிண்டாத பாத்தி

தம்பிஐயா தன்னுடைய குசினிக்குள் காலடி வைத்தபோது அங்கே ஒரு வேப்பமரம் நின்றது. அடுப்பு இருந்த இடத்தில், அடுப்பைவிட உறுதியாக, இந்த வீட்டுக்கு நான்தான் மூத்தவன் என்பதுபோல நின்றது.

குசினி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சுவர் இல்லை, கூரை இல்லை. மனைவி மீனாம்பிகையின் அம்மிக்கல் மட்டும் பாதி புதைந்து கிடந்தது. அதை வைத்துத்தான் இது குசினி, அப்படியென்றால் அது விறாந்தை, அந்தப் பற்றைக்குள்தான் படுக்கிற அறை என்று இருவரும் மயிலிட்டியில் தங்கள் வளவைத் திரும்பக் கண்டுபிடித்தார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஷெல் விழுந்தபோது உடுத்த உடுப்போடு ஓடியவர்கள். பிறகு ஊரைச் சுற்றி இராணுவத்தின் முட்கம்பி வேலி வந்தது. வேலிக்கு வெளியே இவர்கள் முகாம் முகாமாக மாறிக் கிழவனும் கிழவியும் ஆனார்கள். வேலிக்கு உள்ளே பற்றை மரமானது. முப்பத்தைந்து வருடம் கழித்து, இந்த வருடம்தான் வேலி ஒரு துண்டு பின்வாங்கி இவர்களுடைய வளவை வெளியே துப்பியிருந்தது.

வீட்டுத்திட்டத்தில் பெயரும் வந்துவிட்டது. ஒரேயொரு நிபந்தனை. மாரி தொடங்குவதற்கு முன்னம் அத்திவாரம் வெட்டிக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் வீடு அடுத்த பெயருக்குப் போய்விடும். மல்லாகத்துப் பக்கத்தில் அவர்கள் இருக்கும் முகாமையும் வருடம் முடிவதற்குள் மூடப்போகிறார்கள். ஆகவே தம்பிஐயா ஒரு கோடாலி, ஒரு கத்தி, நிலம் குத்த ஒரு அலவாங்கு ஆகியவற்றோடு வந்திருந்தார். மீனாம்பிகை ஒரு போத்தல் தேத்தண்ணியோடும் தன் வாயோடும் வந்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அங்கை பின்னுக்குப் பாருங்கோ. உது என்னண்டு தெரியுதோ?"

குசினிக்குப் பின்னால் ஒரு பனங்கூட்டம் நின்றது. ஒரு நீள்சதுரத்துக்குள் நெருக்கியடித்து, மெலிந்து, வெளிச்சத்துக்கு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, காங்கேசன்துறை பஸ்ஸில் நிற்கும் சனங்களைப்போல நின்றது.

"பனை" என்றார் தம்பிஐயா.

"பனையில்லை. உங்கடை பஞ்சி."

பஞ்சி என்று அவள் சொன்னது அவருடைய சோம்பலை; அவருக்கு விளங்கிவிட்டது. பனங்கொட்டைகளை அடுக்கி மண் போட்டுப் பாத்தி கட்டினால், தையில் மாசியில் கிழங்கு கிண்டலாம். கிண்டாமல் விட்டால் கிழங்கு நாராகி, ஓலை விட்டு, வடலி என்கிற இளம்பனையாகிவிடும். அந்த வருடப் பாத்தியை மாசியில் கிண்டச் சொன்னாள் மீனாம்பிகை. "நாளைக்குக் கிண்டுறன்" என்றார். பங்குனியில் சொன்னாள். கடலுக்குப் போய்வந்த அலுப்பு, நாளைக்கு என்றார். சித்திரையில் குருத்து வெளியே வந்து எட்டிப் பார்த்தது. வைகாசியில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டு முறைக்கத் தொடங்கினாள். ஆனியில் ஷெல் விழுந்தது. அதற்குப் பிறகு இருந்த ஒவ்வொரு முகாமிலும், சண்டை எதில் தொடங்கினாலும் அந்தப் பாத்தியில்தான் போய் முடியும்.

"சரி, வாய் காட்டாதை. இப்ப கிண்டுறன்" என்று அவர் கோடாலியை ஓங்கினார்.

"ஐயா! வெட்டாதேங்கோ! ஐயா!"

ஒழுங்கையில் ஸ்கூட்டியை அப்படியே போட்டுவிட்டு ஒரு பிள்ளை ஓடிவந்தாள். கழுத்தில் அடையாள அட்டை ஆடியது. பெயர் கோபிகா. வடகரைக் கரிம வனச் செயலகத்தின் வெளிக்கள உத்தியோகத்தர். அவள் மூச்சு வாங்கியபடி கையை நீட்டிய இடத்தில், இவ்வளவு நேரமும் இருவர் கண்ணிலும் படாத ஒரு பச்சைப் பலகை நின்றது. "இது காடு. இங்கே பூமி மூச்சு விடுகிறது."

"இது என்ரை காணி, பிள்ளை. உறுதிப் பத்திரம் இருக்கு."

"காணி உங்கடைதான் ஐயா. அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை. காடுதான் உங்கடை இல்லை."

"நான் ஆரின்ரை காட்டுக்குள்ளை நிக்கிறன்?"

கோபிகா யோசித்தாள். அவளுக்கே அது சரியாகத் தெரியவில்லை. "உலகத்தின்ரை" என்றாள் கடைசியில்.

*

செயலகம் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மாடிக்கட்டடத்தில் இருந்தது. காடழிப்பைத் தடுக்கும் அந்த அலுவலகத்தின் சுவர் முழுவதும் பலகை அடித்திருந்தார்கள். நிலமும் பலகை. கூட்ட அறையில் ஒரே மரத்தில் அறுத்த ஒரு மேசை கிடந்தது. அதன் நீளத்துக்கு மயிலிட்டித் துறையில் ஒரு வள்ளத்தைக் கட்டிவைக்கலாம். குளிரூட்டி போட்டிருந்த குளிரில் மீனாம்பிகை சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டாள்.

பணிப்பாளர் ஜெயதீபன் நல்ல மனிதர். கதைப்பதற்கு எதிரே ஒருவர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். எப்போதும் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பதுபோலவே கதைப்பார்.

"திரு தம்பிஐயா அவர்களே, திருமதி தம்பிஐயா அவர்களே. வளர்ந்த நாடுகள் புகையை விடுகின்றன. அந்தப் புகையை உறிஞ்சுவதற்கு மரம் வேண்டும். அவர்களுடைய நாட்டில் மரம் நடலாம்தான், ஆனால் இடம் இல்லை, கட்டடங்கள் இருக்கின்றன. ஆகவே நம்மைப் போன்ற நாடுகள் மரத்தை வெட்டாமல் இருப்பதற்கு அவர்கள் நிதி தருகிறார்கள். எவ்வளவு உயர்ந்த உள்ளம்!"

"புகையை விடாமல் இருக்கேலாதோ?" என்று கேட்டாள் மீனாம்பிகை.

"அது இந்தத் திட்டத்தின் வரம்புக்குள் வராது" என்றார் பணிப்பாளர். பிறகு தம்பிஐயா பக்கம் திரும்பினார். "ஒரு கற்பனைக் கேள்வி. தொண்ணூறில் நீங்கள் ஓடாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

இந்தக் கேள்வியை முப்பத்தைந்து வருடமாக ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. தம்பிஐயா கதிரை நுனிக்கு நகர்ந்தார். "வீட்டைப் பெருப்பிச்சிருப்பன். பிள்ளையளுக்கு ரெண்டு அறை இறக்கியிருப்பன். வலை காயப்போட முன்னுக்கு வெளி எடுத்திருப்பன்."

"மரங்களை?"

"நிண்டால் வெட்டியிருப்பன்."

பணிப்பாளர் மேசையில் தட்டினார். கண்கள் பளபளத்தன. "கேட்டீர்களா, கோபிகா? நீங்கள் இருந்திருந்தால் இந்தக் காடு இல்லை! ஐயா, உங்கள் இல்லாமைதான் இந்தத் திட்டத்தின் அத்திவாரம்."

அத்திவாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் தம்பிஐயா நிமிர்ந்தார். "அப்ப வெட்டலாமோ?"

"ஐயோ, இல்லை. அது ஏற்கனவே போட்டாயிற்று. உலகத்தில் எத்தனையோ நாடுகள், காட்டுக்குள் இருக்கும் சனங்களை அங்கிருந்து எழுப்பி அனுப்புவதற்கு எவ்வளவோ செலவழித்துக் கெட்ட பெயரும் வாங்குகின்றன. எங்களுக்கு அந்தச் செலவே வரவில்லை. முன்கூட்டியே எழுப்பியாகிவிட்டது. வேலி போட்டவர்களுக்குச் சென்ற மாதம்தான் சிறந்த வனப் பங்காளர் என்று ஒரு கேடயம் கொடுத்தோம். உங்களையும் நாங்கள் மறக்கவில்லை."

மறக்கவில்லைதான். தம்பிஐயாவுக்கு ஒரு பச்சைத் தொப்பியும், "நான் கரிமக் காவலன்" என்று எழுதிய ஒரு ரீ-சேட்டும் கொடுத்துப் படம் எடுத்தார்கள். உங்களுடைய பணி என்னவென்றால், வளவுக்குப் போகாமல் இருப்பது என்று விளங்கப்படுத்தினார்கள். இதுவரை செய்ததையே தொடர்ந்து செய்தால் போதும். நிதியில் சமூகத்துக்கென்று ஒரு பங்கு இருக்கிறதாம். ஆனால் காசு வரும் வழியெல்லாம் கூட்டம் இருந்தது, ஒவ்வொரு கூட்டத்திலும் காசு இறங்கித் தேத்தண்ணி குடித்தது.

படியால் இறங்கும்போது மீனாம்பிகை தொப்பியை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன பாக்கிறாய்?"

"மழை தொடங்கினாப் பிறகு ரெண்டுபேர் இதுக்குள்ளை படுக்கேலுமோ எண்டு பாத்தனான்."

*

அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து நிபுணர் வந்தார். அவருடைய பெயரைத் தம்பிஐயா மூன்று தரம் கேட்டும் வாயில் நிற்கவில்லை. நீளமான காலும் பச்சைப் பிள்ளையின் சிரிப்பும் உள்ள மனிதர். வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்து அளந்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, இயற்கையான பள்ளம் என்று குறித்தார். பனங்கூட்டத்துக்கு முன்னால் வந்ததும் சிரிப்பு நின்றது. சுற்றிச் சுற்றி வந்தார். நாடாவைப் போட்டு நான்கு பக்கமும் அளந்தார். முழங்காலில் இருந்தார்.

"என்னவாம்?" என்று கேட்டார் தம்பிஐயா.

கோபிகா மெல்லச் சொன்னாள். "இப்பிடி இயற்கையா நீள்சதுரமா வளந்த காட்டை, தான் உலகத்திலை ஒரு இடத்திலையும் காணேல்லையாம். பனைகள் தங்களுக்குள்ளை கதைச்சு எடுத்த முடிவாம்."

"பனை எங்கை கதைச்சது? நான்தான் தொண்டை கிழியக் கதைச்சனான்" என்றாள் மீனாம்பிகை. "பிள்ளை, உவருக்குச் சொல்லு. உது எங்கடை கிழங்குப் பாத்தி. இந்த மனுசன் கிண்டாமல் விட்டது."

கோபிகா பணிப்பாளரைப் பார்த்தாள். பணிப்பாளர் வானத்தைப் பார்த்தார். அவள் மொழிபெயர்த்தாள். நிபுணர் தன் கைநூலைப் புரட்டினார். அதில் தெளிவாக இருந்தது: மனிதர் நட்டு அறுவடை செய்யும் பயிர் காடு ஆகாது.

அன்று எல்லோரும் வாகனத்தில் ஏறும்போது கோபிகா சப்பாத்துக் கட்டுவதுபோலக் குனிந்து பின்தங்கினாள். "அம்மா, அதை விடாதேங்கோ. பயிர் எண்டு நிரூபிச்சால் உங்கடை வளவு காட்டுக் கணக்கிலையிருந்து கழண்டிடும். விசாரணை கேளுங்கோ."

முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகத் தன் பஞ்சியால் ஒரு பிரயோசனம் வரப்போகிறது என்று தம்பிஐயாவுக்குத் தோன்றியது. திரும்பும் வழியில் பஸ்ஸுக்குள் அதை மனைவிக்குச் சொல்லியும் பார்த்தார். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "வீடு வரட்டும், பேந்து கும்பிடுறன்" என்றாள். ஆனால் அன்று அவள் அவரை ஏசவில்லை.

*

"காடா, பயிரா" விசாரணை அந்த நீள மேசையில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த குழுவில் கிழங்கைக் கண்டவர்கள் குறைவு என்று கேள்விப்பட்டு மீனாம்பிகை ஒரு பை நிறையப் புழுக்கொடியல் கொண்டுபோயிருந்தாள். அவித்துக் காயவைத்த கிழங்கு. மேசையில் வைத்தாள். குழு ஆளுக்கொன்றை எடுத்துச் சாட்சியாகக் கடித்தது. அதன்பிறகு விசாரணை முழுவதும் முறுக் முறுக்கென்ற சத்தத்தோடேயே நடந்தது.

"இது உண்ணத்தக்க பொருள் என்பது பதிவாகட்டும்" என்றார் தலைவர், இரண்டாவதை எடுத்துக்கொண்டு. "ஐயா, பாத்தி போட்டது நீங்களா?"

"ஓம்."

"கிண்டுகிற நோக்கத்தோடுதான் போட்டீர்களா?"

"ஓம்."

"அந்த நோக்கம் இப்போதும் இருக்கிறதா?"

தம்பிஐயா மனைவியைப் பார்த்தார். "என்னை விட்டாலும் உவ விடமாட்டா, ஐயா."

"அப்படியென்றால் ஏன் இதுவரை கிண்டவில்லை?"

"முதல் பஞ்சி. பேந்து ஷெல். பேந்து வேலி."

தலைவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். குழு வெளியே போய்க் கூடியது, புழுக்கொடியல் பையும் கூடவே போனது. திரும்பி வந்தபோது பை வெறுமையாக இருந்தது. முடிவு முழுமையாக இருந்தது.

"இது பயிர்" என்றார் தலைவர்.

மீனாம்பிகை கையெடுத்துக் கும்பிட்டாள். தம்பிஐயாவுக்குக் கண் கலங்கியது. கோபிகா மேசைக்குக் கீழே கையை இறுக்கிப் பொத்தினாள்.

"அறுவடை பிற்போடப்பட்ட பயிர்" என்று தலைவர் தொடர்ந்தார். "முப்பத்தைந்து வருடம் அறுவடையைப் பிற்போட்டு, அதனால் இத்தனை பனை வளரவிட்ட ஒரு விவசாயி இந்த மேசையில் இருக்கிறார். காட்டை வெட்டாமல் விடுவது எவருக்கும் முடியும். தன் சொந்தக் கிழங்கைக் கிண்டாமல் விடுவது தியாகம். இதைக் கிண்டாமை முறை என்று பெயரிட்டு, இந்த வளவைக் காட்டுக் கணக்கிலேயே வைத்து, மாதிரிப் பாத்தியாக நிரந்தரமாகப் பாதுகாக்கச் சிபார்சு செய்கிறோம்."

"அப்ப வீடு?" என்றார் தம்பிஐயா.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்ததால் அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

*

கிண்டாமை முறையின் முதலாவது பயிற்சிப் பட்டறை உரும்பிராயில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தோட்டக்காரர்களை வாகனம் வைத்து ஏற்றிவந்து, கிழங்கை எப்படிக் கிண்டாமல் விடுவது என்று காலையிலிருந்து படிப்பித்தார்கள். முதலாவது பாடம், பாத்தி போடுதல். இரண்டாவது பாடம், விலகிச் செல்லுதல். இடைவேளைக்குப் பிறகு குழுச் செயற்பாடு. ஐந்தைந்து பேராகப் பிரிந்து, ஒரு பாத்தியைச் சுற்றி ஒன்றும் செய்யாமல் இருந்து காட்டவேண்டும். தம்பிஐயா தொப்பியும் ரீ-சேட்டுமாக பயிற்சி கொடுக்கிற வளவாளருக்குரிய கதிரையில் இருத்தப்பட்டார்.

முன்வரிசையிலிருந்து பஞ்சலிங்கம் என்ற தோட்டக்காரர் எழும்பினார். "எனக்கு ஒரு சந்தேகம். சும்மா இருக்கிறதுக்கு எங்களை ஏன் வேலையை விட்டிட்டு வரச் சொன்னனியள்?"

"நீங்கள் சும்மா இருப்பது பஞ்சி" என்றார் ஜெயதீபன். "பயிற்சி பெற்றுச் சும்மா இருப்பது முறை. இப்போது வளவாளர் தம் அனுபவத்தைச் சொல்வார். ஐயா, இத்தனை வருடம் கிண்டாமல் இருக்க உங்களால் எப்படி முடிந்தது?"

தம்பிஐயா எழும்பினார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "மயிலிட்டியிலை நாங்கள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தம். ஷெல் குத்தின சத்தம் கேட்டுது. அடுத்த வளவிலை விழுந்தது. மற்றது ஒழுங்கையிலை. மூத்தவளைத் தூக்கினன். இவ சின்னவனைத் தூக்கினா. சோறு கோப்பையிலை கிடந்தது. பேந்து வந்து பாக்க விடேல்லை. அவ்வளவுதான். வேறை ஒரு முறையும் இல்லை."

பஞ்சலிங்கம் மெல்லத் தன் கதிரையில் இருந்தார். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்கு அந்த முறை நன்றாகத் தெரியும். அவர்களும் எங்கெங்கோ சோற்றைக் கோப்பையில் விட்டு வந்தவர்கள்தான்.

ஜெயதீபன் கோபிகாவின் பக்கம் சாய்ந்தார். "எழுதுங்கள். ஷெல் இல்லாமல் இந்த முறையை மற்ற மாவட்டங்களில் செய்யமுடியுமா என்று மேலும் ஆராயவேண்டும்."

கோபிகா எழுதவில்லை. பேனையைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

*

ஐப்பசி பிறந்தது. கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு நின்றது. வீட்டுத்திட்டத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கஜீவன் முகாமுக்கே வந்து சொன்னான். "ஐயா, வாற கிழமை கடைசிப் பார்வை. அத்திவாரக் கிடங்கு வெட்டி இருந்தால் போதும், படம் எடுத்து அனுப்பி விடுவன். இல்லாட்டி வீடு அடுத்த ஆளுக்கு. என்ரை கையிலை இல்லை."

அடுத்த நாள் காலையில் மீனாம்பிகை அலவாங்கை எடுத்து வெளியே வைத்தாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் தம்பிஐயாவைப் பயப்படுத்தியது.

"நாளைக்கு..." என்று அவர் தொடங்கினார். அந்தச் சொல்லை முடிக்கவில்லை. அலவாங்கைத் தூக்கித் தோளில் வைத்தார்.

பழைய வீட்டின் அளவுக்கே அவர் கோடு போட்டார். கோடு பாத்தியின் ஒரு ஓரத்தால்தான் போனது. முதல் குத்து அங்கேதான். வேர் பின்னிக் கிடந்தது. கயிற்றுக் கட்டை அவிழ்ப்பதுபோல ஒவ்வொன்றாக அறுத்து எடுக்கவேண்டியிருந்தது. மீனாம்பிகை மண்ணைக் கடகத்தில் அள்ளிக் கொட்டினாள். நரைத்த தலையில் மண் படிந்தது. மத்தியானத்துக்குள் மூன்று பக்கமும் முழங்கால் அளவுக்குக் கிடங்கு வந்துவிட்டது.

அப்போது கோபிகா தொலைபேசியில் வந்தாள். "ஐயா, நீங்கள் இப்ப எங்கை நிக்கிறியள்?"

"என்ரை வளவுக்கை."

"ஐயோ. டைரக்டர் சேர் வெளிநாட்டிலை மகாநாட்டிலை நிக்கிறார். மாதிரிப் பாத்தி எண்டு உங்கடை வளவிலை நட்ட கம்பத்து உச்சியிலை பூட்டின கமராவாலை, காட்டை நேரடியாத் திரையிலை காட்டிக்கொண்டிருக்கிறார். மரத்துக்குக் கீழை ஆள் தெரியாது. கொட்டின மண் தெரியுது ஐயா. பச்சைக்கு நடுவிலை மண்ணிறமா ஒரு கோடு. அது நீண்டுகொண்டு வருதாம். என்னண்டு அங்கை கேக்கினமாம்."

"கிண்டுறார் எண்டு சொல்லு பிள்ளை. முப்பத்தைஞ்சு வருசம் பிந்திப்போச்சு, மன்னிச்சுக்கொள்ளச் சொல்லு."

"அப்பிடிச் சொன்னால் காடழிப்பு வழக்கு ஐயா! மறியல்! உள்ளை போட்டிடுவினம்!" அங்கே வேறு ஒரு தொலைபேசி அடித்தது. கொஞ்ச நேரம் அவள் குரல் தூரத்தில் கேட்டது. ஓம் சேர், ஓம் சேர், விளங்குது சேர். பிறகு திரும்பி வந்தாள். சத்தம் மிகவும் இறங்கியிருந்தது. "ஐயா, சேர் சமாளிச்சிட்டார். அது காட்டுப்பன்றி எண்டு மேடையிலை சொல்லிப்போட்டார்."

"என்ன?"

"மிருகம் கிண்டினால் அது இயற்கையாம். கணக்கிலை வராது. காட்டுப்பன்றி திரும்பி வந்திட்டுது எண்டு எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினவையாம். ஒரு சோடி எண்டு சேர் சொல்லிப்போட்டார்." தம்பிஐயா வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "ஐயா, கோவிக்காதேங்கோ. ஆள் கிண்டினதெண்டால் மறியல். பன்றி கிண்டினதெண்டால் ஒருத்தரும் தொடமாட்டினம்."

தம்பிஐயா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துக் கிடங்கின் கரையில் வைத்தார். கடகத்தோடு நின்ற மீனாம்பிகையைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"நாங்கள் பன்றியாம்."

மீனாம்பிகை கடகத்தை இறக்கினாள். முதுகை நிமிர்த்தி இடுப்பில் கை வைத்தாள். முகாமில் எண்ணிக்கை எடுக்கும்போது குடும்பம் என்றார்கள், பிறகு இடம்பெயர்ந்தோர் என்றார்கள், பிறகு பயனாளி என்றார்கள், கடைசியாகக் காவலன் என்றார்கள். அவள் எல்லாவற்றையும் ஒருமுறை யோசித்தவள்போல நின்றாள்.

"பன்றியை எழுப்புவினமோ?" என்று கேட்டாள்.

"மாட்டினமாம்."

"அப்ப கிண்டுங்கோ."

*

கஜீவன் சொன்னபடி வந்தான். கிடங்கைச் சுற்றி நடந்து, நேர் பிடித்துப் பார்த்து, "வடிவா வெட்டியிருக்கிறியள், ஐயா" என்றான். கமராவைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. கிடங்குக்குப் பின்னால் ஒரு புதிய பலகை நின்றது. "காட்டுப்பன்றி வாழிடம். நிலத்தைக் கிண்டியிருப்பவை பன்றிகளே. தொந்தரவு செய்யாதீர்."

"இது நான் வெட்டினது தம்பி. பாத்தாலே தெரியேல்லையோ? பன்றி மூலைமட்டம் பிடிச்சு வெட்டுமோ?"

"எனக்குத் தெரியுது ஐயா. ஆனால் பன்றி எண்டு அவை எழுத்திலை தந்திருக்கினம். பன்றி வெட்டின அத்திவாரத்துக்கு வீடு குடுத்தால் என்ரை உத்தியோகம் போயிடும்."

"நான்தான் வெட்டினனான் எண்டு கையெழுத்து வைக்கிறன்."

"வையுங்கோ. வீடு வரும். நீங்கள் மறியலிலை இருப்பியள்." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு கமராவைப் பைக்குள் வைத்தான். வீடு அடுத்த பெயருக்குப் போனது.

முகாமும் சொன்னபடி மூடப்பட்டது. அவர்கள் கிடங்குக்கு மேலே பனந்தடி போட்டு, அதற்கு மேலே நீல நிறப் பொலித்தீன் விரித்து, உள்ளே போய் இருந்தார்கள். மேலேயிருந்து பார்க்கும் கமராவுக்கு நீலம் தெரியக்கூடாது என்று கோபிகா ஒருநாள் தானே வந்து ஓலை வெட்டிப் பரப்பிவிட்டுப் போனாள். அடுப்புப் புகை வந்தபோது செயலகம் அதைப் பனிமூட்டம் என்று பதிவு செய்தது. மழை தொடங்கிய பிறகு தண்ணீர் கிடங்குக்குள் ஊறியது. மீனாம்பிகை சருவச்சட்டியால் இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தாள். தம்பிஐயா இருமத் தொடங்கினார்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு நாள் நிபுணர் திரும்பி வந்தார். கூட ஜெயதீபன், கோபிகா, தொலைநோக்கிகளோடு இன்னும் சிலர். அவர்கள் வேப்பமரத்துக்கு அப்பால் பற்றை ஓரமாகக் குந்தியிருந்து பன்றிகளுக்காகக் காத்திருந்தார்கள். தம்பிஐயா தொப்பியும் ரீ-சேட்டும் போட்டுக்கொண்டு கரிமக் காவலனாகப் பக்கத்தில் நின்றார். ஓலைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சட்டி இடறும் சத்தம் கேட்டது. குந்தியிருந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். நிபுணருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவர் கோபிகாவின் காதுக்குள் ஏதோ கேட்டார்.

"ஐயா" என்றாள் கோபிகா. அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. "பன்றியள் இஞ்சை நிரந்தரமா இருக்குமோ, இல்லாட்டி பேந்தும் போயிடுமோ எண்டு கேக்கிறார்."

தம்பிஐயா இருமினார். இருமி முடியும்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"போகாது எண்டு சொல்லு பிள்ளை. துரத்துப்பட்டு முப்பத்தைஞ்சு வருசம் அலைஞ்சு வந்தது. இனிப் போகாது."

அவள் சொன்னாள். நிபுணர் நெஞ்சில் கை வைத்தார். பிறகு விரலை வாயில் வைத்து மற்றவர்களுக்குச் சைகை காட்டினார். எல்லோரும் குந்தியபடியே, ஒரு சருகும் நொறுங்காமல், பின்பக்கமாக நடந்து ஒழுங்கைக்குப் போனார்கள். அந்த வளவுக்கு உத்தியோகத்தோடு வந்தவர்கள், குடியிருக்கிறவர்களுக்குத் தொந்தரவு என்று நினைத்துத் தாங்களாகவே திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை.